பார்டர் கடை பில்லும் ‘செவரலி’யும்

வாசகர் கேள்விகள். பதில் சொல்பவர்: செங்கோட்டை சார்பதிவாளர் அலுவலகத்துக்கு எதிரே 31 வருடம் பெஞ்சு போட்டுப் பத்திரம் எழுதி, இப்போது பேரனுக்கு ஹோம்வொர்க் எழுதிக் கொடுத்துக்கொண்டிருப்பவர்.

கேள்வி: என் தம்பி புனலூரில் ஒரு சிட்டி (அந்தப் பக்கம் சீட்டுக்கு அதுதான் பெயர்) சேர்ந்து, பணம் எடுக்கப் போகிறான். ஜாமீனுக்கு மூன்று பேர் வேண்டுமாம். எனக்கு வந்த ஃபாரத்தில் ‘ஜாயின்ட்லி அண்ட் செவரலி’ பொறுப்பாவோம் என்று ஆங்கிலத்தில் இருக்கிறது. அகராதியில் ‘செவரல்’ என்றால் பல என்று போட்டிருக்கிறது. ப்ளஸ் டூ படிக்கும் மகள் ‘கடுமையாக’ என்கிறாள். எது சரி? கையெழுத்துப் போடலாமா?
– புளியரை வாசகி

பதில்: அம்மா, உங்கள் மகள் சொல்வது ‘சிவியர்லி’. அதற்குத்தான் ‘கடுமையாக’ என்று பொருள். பார்வைக்கு இரண்டும் அண்ணன் தம்பி மாதிரி இருக்கும்; ஆனால் பங்காளி உறவுகூடக் கிடையாது. ‘செவரலி’யின் பூர்வீகம் லத்தீன். பிரிப்பது என்று பொருள்படும் ‘செபராரே’ என்ற வினைதான் மூலம். நமக்குத் தெரிந்த ‘செப்பரேட்’ அந்தக் குடும்பம். துண்டிப்பதைக் குறிக்கும் ‘செவர்’ என்ற வினையும் அதே குடும்பம், பிரெஞ்சுப் பக்கமாகச் சுற்றி வந்தது.

‘செவரல்’ ஆங்கிலத்துக்குள் நுழைந்தபோது ‘தனியான’ என்றுதான் பொருள். தனித்தனியாக இருக்கிறது என்றால் ஒன்றுக்கு மேல் இருக்கிறது என்றுதானே அர்த்தம்? அப்படியே நழுவி நழுவி ‘சில, பல’ என்று ஆகிவிட்டது. 1787-இல் எழுதிய அமெரிக்க அரசியல் சட்டத்தில் ‘செவரல் ஸ்டேட்ஸ்’ என்று வரும். அங்கே தனித்தனியான மாநிலங்கள் என்பதுதான் கருத்து. பெயரடை இப்படி ஊரோடு ஒத்துப் போய்விட்டது. ‘லி’ ஒட்டிய வினையடை மட்டும் பழைய வீட்டைக் காலி செய்யாமல் உட்கார்ந்திருக்கிறது. இன்றைக்கும் அதற்குத் ‘தனித்தனியாக’ என்றுதான் பொருள்.

ஆக, ‘கூட்டாகவும் தனித்தனியாகவும்’. இந்த வரியை எத்தனை பத்திரத்தில் எழுதியிருப்பேனோ, கணக்கில்லை. மொழிபெயர்ப்பில் ஒரு குற்றமும் சொல்ல முடியாது. ஆனால் இதை வாசித்துக் காட்டும்போது எதிரே உட்கார்ந்திருக்கும் ஜாமீன்தாரின் முகத்தை நான் பார்த்திருக்கிறேன். ‘கூட்டாகவும்’ என்றதும் லேசாகச் சுருங்கும். ‘தனித்தனியாகவும்’ என்றதும் தெளிந்துவிடும். “அப்போ என் பங்குக்கு மட்டும்தான் நான், இல்லையா அண்ணாச்சி?” என்பார்.

இல்லை. சரி நேர் எதிர்.

பிரானூர் பார்டரில் நாலு பேர் சேர்ந்து புரோட்டா சாப்பிடப் போகிறீர்கள் என்று வையுங்கள். (திருவிதாங்கூர் எல்லை அங்கே இருந்த காலத்தில் வந்த பெயர் அது. 1956 நவம்பர் 1-ஆம் தேதி செங்கோட்டை இந்தப் பக்கம் வந்து, எல்லை உங்கள் புளியரைக்கு நகர்ந்தே எத்தனையோ வருடம் ஆகிறது. பிரானூர் இன்னும் பார்டர்தான். சொற்களும் அப்படித்தான், இடம் மாறினாலும் பெயர் மாறுவதில்லை.) ஒருவர் கை கழுவப் போனவர் அப்படியே பஸ் ஏறிவிட்டார். இன்னொருவருக்கு போன் வந்தது, ரோட்டுக்குப் போய்விட்டார். மூன்றாமவர் பர்ஸை மறந்துவிட்டார். கடைக்காரர் மிச்சம் இருக்கிற உங்களிடம் வந்து, “நாலு பேர் பில்லையும் நீங்க குடுத்துருங்க, உங்களுக்குள்ள பெறவு பேசிக்கிடுங்க” என்றால், அதுதான் ‘ஜாயின்ட்லி அண்ட் செவரலி’. “நான் தின்னது ரெண்டு புரோட்டா, ஒரு ஆம்லெட்” என்று அங்கே நீங்கள் பேச முடிந்தால், அது வெறும் ‘செவரலி’. நடுவில் நிற்கிற ‘அண்ட்’ என்ற சொல்லுக்கு அவ்வளவு எடை. யாரைப் பிடிப்பது என்பது கடன் கொடுத்தவர் இஷ்டம். அவர் கையில் காசு இருக்கிறவரைத்தான் பிடிப்பார். ஓடிப்போனவரைத் தேடிக்கொண்டிருக்க மாட்டார்.

சட்டமும் இதையேதான் சொல்கிறது. 1872-ஆம் வருடத்து இந்திய ஒப்பந்தச் சட்டம், 43-ஆவது பிரிவு: பல பேர் கூட்டாக வாக்குக் கொடுத்தால், மாற்றி எழுதிக்கொள்ளாத வரைக்கும், அவர்களில் யாரை வேண்டுமானாலும் பிடித்து முழுவதையும் நிறைவேற்றச் சொல்லலாம். அதாவது ஃபாரத்தில் ‘செவரலி’யை மட்டும் பேனாவால் அடித்துவிட்டால் தப்பித்துவிடலாம் என்று நினைக்காதீர்கள், என்னிடம் இரண்டு மூன்று பேர் அப்படி அடித்துக்கொண்டு வந்ததுண்டு. அப்புறம் 128-ஆவது பிரிவு. கடன் வாங்கியவருக்கு எவ்வளவு பொறுப்போ ஜாமீன்தாருக்கும் அவ்வளவு. “முதலில் அவனைக் கேளுங்கள், அவனிடம் வசூலாகாவிட்டால் என்னிடம் வாருங்கள்” என்ற பேச்சும் எடுபடாது. பாங்க் ஆஃப் பீகார் வழக்கில் 1968-லேயே உச்ச நீதிமன்றம் அதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது.

இவ்வளவு தெரிந்த நான் என்ன செய்தேன் என்று கேளுங்கள்.

கூடப் படித்தவன் ஒருவன், வாழை இலைக்கட்டும் காய்கறியும் கொல்லத்துக்கு ஏற்றுகிறவன், குட்டி யானை வண்டி வாங்கக் கடன் போட்டான். தனியார் பைனான்ஸ். மூன்று ஜாமீன்: ஒரு பள்ளிக்கூட வாத்தியார், ஒரு மரக்கடைக்காரர், நான். பத்திரம் எழுதியதும் நானே. எழுத்துக் கூலிகூட வாங்கவில்லை, சிநேகிதம். ‘கூட்டாகவும் தனித்தனியாகவும்’ வரியை வழக்கம்போல எழுதி, வழக்கம்போல மூன்று பேருக்கும் வாசித்துக் காட்டி, கடைசியில் கையெழுத்தும் போட்டேன். ஒன்றரை வருடம் ஒழுங்காகக் கட்டினான். பிறகு ஆளைக் காணோம், ஷார்ஜா போய்விட்டான் என்றார்கள். பாக்கி ஒரு லட்சத்து முப்பத்தைந்தாயிரம். நோட்டீஸ் எனக்கு மட்டும் வந்தது.

நான் என்ன செய்தேன் தெரியுமா? மூன்றால் வகுத்தேன். நாற்பத்தைந்தாயிரம். அதை எண்ணி மஞ்சப் பையில் போட்டு எடுத்துக்கொண்டு போய், “என் பங்கு இது, ரசீது போடுங்க” என்றேன். அங்கே இருந்த பையனுக்கு இருபத்தைந்து வயசு இருக்கும். மரியாதையாக எழுந்து, பீரோவைத் திறந்து பத்திரத்தை எடுத்து, இரண்டாம் பக்கத்தைத் திருப்பி என் பக்கம் வைத்தான். விரல் வைத்த இடத்தில் என் கையெழுத்திலேயே அந்த வரி இருந்தது. ‘னி’யை நான் கொஞ்சம் சுழித்து எழுதுவேன். ‘தனித்தனியாகவும்’ என்பதில் அந்தச் சுழி இரண்டு முறை வரும். அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். மீதி தொண்ணூறாயிரத்துக்கு வீட்டுக்காரியின் வளையல் அடகுக்குப் போனது.

கட்டியவருக்கு மற்ற ஜாமீன்தார்களிடம் சம பங்கு கேட்கும் உரிமை உண்டு, 146-ஆவது பிரிவு. கடன் வாங்கியவரிடம் முழுவதையும் கேட்கலாம், 145. வாத்தியார் இரண்டு தவணையில் நாற்பத்தைந்தாயிரத்தையும் கொடுத்தார், நல்ல மனுஷன். மரக்கடைக்காரர் பத்தாயிரம் கொடுத்தார். அதற்கப்புறம் பஸ் ஜன்னலில் இருந்து கை மட்டும் காட்டுகிறார்.

இப்போது உங்கள் கையெழுத்துக்கு வருவோம். சிட்டியில், சீட்டுப் பணம் எடுத்த பிறகு மிச்சம் இருக்கும் தவணைகளுக்குத்தான் ஜாமீன். அந்த மொத்தத் தொகை எவ்வளவு என்று தம்பியிடம் கேட்டு ஒரு தாளில் எழுதுங்கள். மூன்றால் வகுக்காதீர்கள். அந்த முழுத் தொகையையும் ஒருநாள் நீங்களே கட்டவேண்டி வந்தால் முடியுமா, கட்டிவிட்டுத் தம்பியோடு பேச்சுவார்த்தை வைத்துக்கொள்ள முடியுமா? இரண்டுக்கும் ஆமாம் என்றால் போடுங்கள். இல்லை என்றால், ‘என் பொறுப்பு இத்தனை ரூபாய் வரை மட்டும்’ என்று ஒரு வரி சேர்ப்பார்களா என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் சேர்க்க மாட்டார்கள். கேட்பதில் தப்பில்லை.

கேள்வி: ‘செவரலி’, ‘ரெஸ்பெக்டிவ்லி’ இரண்டுக்கும் என்ன வித்தியாசம்? இரண்டுக்கும் தமிழில் ‘முறையே’ என்று போடலாமா?
– கொல்லம் வாசகர்

பதில்: ‘முறையே’ என்பது ‘ரெஸ்பெக்டிவ்லி’க்கு மட்டும்தான். அதற்கு வரிசை முக்கியம். ‘மூத்தவனுக்கும் இளையவனுக்கும் முறையே நஞ்சையும் வீடும்’ என்று பாகப்பிரிவினையில் எழுதினால் மூத்தவன் வயலுக்குப் போகணும், இளையவன் வீட்டில் இருக்கணும். கை தவறி ‘வீடும் நஞ்சையும்’ என்று எழுதிவிட்டால் குடும்பமே இடம் மாறிவிடும். பிறகு பிழைத்திருத்தல் பத்திரம் எழுத எல்லோரும் மறுபடி ஒரே வேனில் வரவேண்டும். அதற்குள் பேச்சு நின்றுபோயிருந்தால் இரண்டு வேன்.

‘செவரலி’க்கு வரிசை கிடையாது. மூன்று மகன்களும் அப்பாவை ‘செவரலி’ பார்த்தார்கள் என்றால், ஒருவர் காலையில், ஒருவர் சாயங்காலம், ஒருவர் மற்றவர்கள் போய்விட்டார்களா என்று கேட்டுவிட்டு, அவ்வளவுதான். சேர்ந்து வரவில்லை.

கேள்வி: என் இரண்டு பிள்ளைகளுக்கும் பவர் எழுதிக் கொடுக்கிறேன். ஒருவன் துபாயில், ஒருவன் இங்கே. ‘ஜாயின்ட்லி’ என்று போதுமா, ‘செவரலி’யும் வேண்டுமா?
– குளத்துப்புழை வாசகர்

பதில்: இங்கே கதை தலைகீழ். கடனில் உங்களைக் கடிக்கிற சொல் பவரில் உங்களுக்கு உதவும். ‘கூட்டாக’ என்று மட்டும் எழுதினால் ஒவ்வொரு காரியத்துக்கும் இருவரும் சேர்ந்து கையெழுத்துப் போட வேண்டிவரும். துபாய்க்காரருக்கு லீவு கிடைக்கும் வரை கரண்ட் கனெக்ஷன்கூடப் பெயர் மாறாது. ‘கூட்டாகவோ தனித்தனியாகவோ’ என்று எழுதினால் ஊரில் இருக்கிறவர் ஒருவரே செய்துவிடலாம். ஆனால் அவர் ஒருவரே விற்றும்விடலாம். அதனால், அன்றாட வேலைகளுக்குத் தனித்தனி, விற்கிரயத்துக்கு மட்டும் இருவரும் கூட்டாக என்று பிரித்து எழுதச் சொல்லுங்கள். எழுதுகிறவர் சலித்துக்கொள்வார், பரவாயில்லை.

கேள்வி: ‘நான் அவரிடம் செவரலி சொன்னேன்’ என்று எழுதினேன், பல தடவை சொன்னேன் என்ற அர்த்தத்தில். பேராசிரியர் சுழித்துவிட்டார். சரியா தவறா?
– தென்காசி கல்லூரி மாணவி

பதில்: நைஜீரியாவில் சரி. அங்கே புழங்கும் ஆங்கிலத்தில் ‘செவரலி’ என்றால் பல தடவை என்றே பேசுகிறார்கள், எழுதுகிறார்கள். தென்காசியில் பேராசிரியர் சொல்வதைக் கேளுங்கள். ‘செவரல் டைம்ஸ்’ என்று எழுதினால் மார்க் உண்டு.

கேள்வி: அமைச்சரவைக்குக் ‘கூட்டுப் பொறுப்பு’ என்கிறார்களே, அதுவும் ‘ஜாயின்ட்லி அண்ட் செவரலி’தானா?
– கடையநல்லூர் வாசகர்

பதில்: இல்லை. அரசியல் சட்டம் 75(3)-இல் மக்களவைக்கு அமைச்சரவை ‘கலெக்டிவ்லி’ பொறுப்பு என்றுதான் இருக்கிறது. நம்பிக்கையில்லாத் தீர்மானம் நிறைவேறினால் எல்லோரும் மொத்தமாக இறங்க வேண்டும். ஒருவரை மட்டும் பிடித்து வைத்துக்கொள்கிற ‘செவரலி’ அங்கே இல்லை. தொழில் கூட்டாளிகள் விஷயம் வேறு: 1932-ஆம் வருடக் கூட்டாண்மைச் சட்டம் 25-ஆவது பிரிவில் ஒவ்வொரு கூட்டாளியும் மற்றவர்களோடு கூட்டாகவும், தனியாகவும் பொறுப்பு என்று அப்பட்டமாக இருக்கிறது. ‘நான் பேருக்குத்தான் பார்ட்னர்’ என்று சொல்லிக்கொண்டிருப்பவர்கள் ஒருமுறை படித்துப் பார்க்கலாம்.

கேள்வி: பழைய ஆங்கில நாடகங்களில் காட்சி முடிவில் ‘எக்ஸியன்ட் செவரலி’ என்று வருகிறதே?
– ஆரியங்காவு வாசகர்

பதில்: ‘எக்ஸியன்ட்’ லத்தீன், அவர்கள் வெளியேறுகிறார்கள். ‘செவரலி’ சேர்ந்தால், ஆளுக்கொரு பக்கமாக வெளியேறுகிறார்கள். ஒருவர் இடது தட்டி வழியாக, ஒருவர் வலது தட்டி வழியாக. நான் ஒன்பதாவது படிக்கும்போது ஆண்டு விழாவில் ஓர் ஆங்கில நாடகக் காட்சி போட்டோம். எனக்கும் இன்னொருவனுக்கும் படைவீரன் வேஷம், அட்டைக் கேடயம். நாடகம் பழக்கிய சார் இந்த வரியைப் ‘பல தடவை வெளியேறுக’ என்று எடுத்துக்கொண்டார். நாங்கள் வெளியே போனோம், திரும்பி வந்தோம், மறுபடி போனோம், வந்தோம். மூன்றாம் தடவை கைதட்டல் வந்தது. சாருக்கு ஏக சந்தோஷம். பத்திரம் எழுத வந்த பிறகுதான் அந்தச் சொல்லின் பொருள் எனக்குத் தெரிந்தது.

கேள்வி: ‘செவரலி’க்குத் தமிழில் ஒரே சொல்லாக எதுவும் இல்லையா? ‘தனித்தனியாக’ என்பது சப்பென்று இருக்கிறது.
– பாலக்காடு வாசகர்

பதில்: சப்பென்று இருக்கிறதா! ஒரு சொல்லை இரட்டித்தாலே ‘ஆளுக்கு ஆள்’ என்ற பொருள் வந்துவிடுகிற மொழி நம்முடையது. ‘அவரவர்’, ‘வெவ்வேறு’, ‘தத்தம்’. எண்களில் பாருங்கள்: ஒவ்வொன்று, இவ்விரண்டு, மும்மூன்று, நந்நான்கு, ஐவைந்து, பப்பத்து. பிள்ளைகளுக்கு இவ்விரண்டு தோசை வைத்தாள் என்றால் ஆளுக்கு இரண்டு என்று கணக்கே முடிந்தது. ஆங்கிலத்தில் இதற்கு ஒரு தனிச்சொல் ஒட்டியாக வேண்டும். நன்னூலில் இதற்குச் சூத்திரமே உண்டு, ஒன்பதை மட்டும் விட்டுவிடுவார்கள். ஒன்பதுக்கு ஒன்பது ஒன்பதாகத்தான். ஆறுக்கு ‘அவ்வாறு’ வரும், அதை இன்றைக்கு எழுதினால் எல்லோரும் ‘அப்படி’ என்று படித்துவிடுவார்கள். பேச்சில் ‘ஒவ்வொன்று’ தவிர மற்றதெல்லாம் போய், ‘ரெண்டு ரெண்டா’ மட்டும் நிற்கிறது.

ஆனால் உங்கள் கேள்வியில் வேறு ஒரு நியாயம் இருக்கிறது. இந்த இரட்டிப்பு எல்லாமே பங்கு பிரிக்கிற சொற்கள். ஆளுக்கு இவ்வளவு என்று சொல்கிற சொற்கள். அதனால்தான் ‘தனித்தனியாகவும்’ என்று கேட்டதும் நம் ஆள் தன் பங்கை நினைத்துக்கொள்கிறார், நான் மஞ்சப் பையோடு போன மாதிரி. உங்கள் பக்கத்து மலையாளப் பத்திரங்களில் ‘ஒற்றைக்கும் கூட்டாயும்’ என்று எழுதுகிறார்கள் பாருங்கள், அது காதில் விழும்போதே ஒற்றை ஆளாக நின்று மாட்டிக்கொள்கிற காட்சி தெரிகிறது. அந்த விஷயத்தில் அவர்கள் சொல்தான் உஷார்ப்படுத்துகிற சொல். (பத்திரத்தை அவர்கள் ‘ஆதாரம்’ என்பதுதான் இப்போது தொல்லை. புனலூர்க்காரர் ஒருவர் பழைய ஆதாரத்தோடு வரச் சொன்னதற்கு, எங்கள் ஊர் பார்ட்டி பழைய ஆதார் கார்டைத் தேடி எடுத்துக்கொண்டு போனார்.)

வளையல் அடகுக்குப் போன பிறகு நான் எழுதிய கடன் பத்திரங்களில் ‘கூட்டாகவும் தனித்தனியாகவும்’ என்பதோடு நிறுத்தவில்லை. ‘அதாவது, எங்களில் எவர் ஒருவரிடமிருந்தும் முழுத் தொகையையும் வசூலித்துக்கொள்ளச் சம்மதிக்கிறோம்’ என்று ஒரு வரி சேர்த்தேன். சட்டப்படி அதனால் புதிதாக ஒன்றும் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. வாசித்துக் காட்டும்போது மட்டும் அந்த வரியில் குரலைக் கொஞ்சம் உயர்த்துவேன். சில ஜாமீன்தார்கள் “ஒரு டீ குடிச்சிட்டு வந்துர்றேன் அண்ணாச்சி” என்று எழுந்து போவார்கள். கடன் வாங்க வந்தவர் என்னை முறைத்துப் பார்ப்பார். அரைமணி நேரம் பார்த்துவிட்டு, எழுதிய தாளைச் சுருட்டிக்கொண்டு பக்கத்துப் பெஞ்சுக்குப் போவார். அங்கே அந்த வரி கிடையாது.